செவ்வந்தி நகரில் திருட்டே இல்லை

அங்கயே நில்லுங்க. கேட்டத் தொடாதீங்க. யாரு நீங்க, எங்கேருந்து வர்றீங்க? கழுத்துல தொங்குற அட்டைய இப்படித் திருப்புங்க. ம்ஹூம், தெரியல, கண்ணாடி உள்ள இருக்கு. என்னது, கணக்கெடுப்பா? வீடு வீடாப் போயி கேள்வி கேட்டு எழுதற கணக்கெடுப்பா? அட, அத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா! இரு, இரு, தொறக்கறேன். என் மக வயசுதான் இருக்கும் உனக்கு, நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காத.

கொஞ்சம் நேரமாகும். ஏழு பூட்டு. கேட்டுக்கு ரெண்டு, கிரில்லுக்கு மூணு, கதவுக்கு ரெண்டு. இந்த நீளச் சாவி இருக்கு பாரு, இது கிரில்லோட நடுப் பூட்டுக்கு. குட்டிச் சாவி கீழ்ப் பூட்டுக்கு. மாத்துச் சாவியெல்லாம் துளசி மாடத்துக்குப் பின்னால ஒரு பெயிண்ட் டப்பாவுல கெடக்கு, ஒரு பயலுக்குத் தெரியாது. பாதுகாப்புன்னா இப்படித்தாம்மா இருக்கணும். வா உள்ள. செருப்ப வெளிய விடாத, கையில எடுத்துட்டு வா. இந்தத் தெருவுல செருப்புக்குன்னு ஒரு வரலாறே இருக்கு, அப்புறம் சொல்றேன்.

அந்த நாற்காலி வேணாம், அதுல சால்வை கெடக்கு. இதுல உக்காரு. தண்ணி குடிக்கிறியா? காப்பி போட்டுக் குடுக்கலாம்னா வீட்டுல ஆளில்ல. அம்சவேணி, என் சம்சாரம், அறந்தாங்கியில தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. தங்கச்சிக்கு முட்டி வலி. நாப்பது நாளாச்சு. முட்டி வலியெல்லாம் சீக்கிரத்துல சரியாகுமா, நீயே சொல்லு.

நானும் உன் தொழிலுதாம்மா. பேரு கோவர்த்தனன். புள்ளியியல் துறை, முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நெல்லு வெளைச்சல் கணக்கு. வயல்ல அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ள நிக்கிறத மட்டும் அறுத்து, அடிச்சு, எடை போட்டு எழுதறது. விவசாயி கெஞ்சுவான், 'ஐயா, இந்த மூலையில பூச்சி அடிச்சிருக்கு, அந்தப் பக்கமாக் கட்டுங்க'ன்னு. விடமாட்டேன். சீட்டுல எந்த எடம் விழுந்துச்சோ அங்கதான் கயிறு. எழுதினதுதான் நடந்தது, எழுதலன்னா நடக்கல. இதுதான் என் கொள்கை. ரிடையர் ஆன அன்னைக்கு மாலை போட்டப்பகூட இதத்தான் பேசினேன். அம்சா மொத வரிசையில உக்காந்து கொட்டாவி விட்டா.

சரி, நீ கேளு. என்ன? கடந்த பன்னெண்டு மாசத்துல இந்த வீட்டுல யாராவது திருட்டு, வழிப்பறி, மோசடி எதுக்காவது ஆளானாங்களா? இதான் மொத கேள்வியா? நல்ல கேள்வி. இல்லைன்னு போடு.

இந்த வீட்டுல மட்டுமில்ல, செவ்வந்தி நகர் மொத்தத்துக்கும் இல்ல. நான்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் நானே சொல்லிடறேன், நீ வெயில்ல அலையாத. பூஜ்யம். அந்தச் சால்வை அதுக்காகப் போட்டதுதான்.

ஏன் அப்படிப் பாக்குற? பேப்பர்ல வேற மாதிரி படிச்சியா? அது போன வருஷம் தையில வந்தது, அதுக்கு முந்தின வருஷத்துக் கணக்கு. அந்தக் கதையக் கேட்டாத்தான் இந்தப் பூஜ்யத்தோட அருமை உனக்குப் புரியும். நீ பதிலெல்லாம் தட்டிக்கிட்டிருக்க அந்த மிஷினக் கீழ வெச்சுட்டுக் கேளு.

நான் செயலாளரா வந்த மொத வாரம். சங்கத் தலைவர் தெய்வசிகாமணி வீட்டு வாசல்ல செருப்பக் காணோம். ஒரு செருப்பு. எடது காலு. அவரு 'போனாப் போவுது, வேற வாங்கிக்கறேன்'னாரு. எப்படிம்மா விடறது? வலது காலு இங்க கெடக்கு, எடது காலு எங்க? வாங்க ஸ்டேஷனுக்குன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். மேலக்குளம் ஸ்டேஷன். அங்க புகார் எழுதறது ஏட்டம்மா ஜெசிந்தா. அந்தம்மா பேனாவ மூடி வெச்சுட்டு, 'ஒத்தச் செருப்ப எந்தத் திருடன் சார் போட்டுக்குவான்? நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்'னுச்சு. 'சரிம்மா, சந்தேகப்படும் நபர் நாய்னு எழுதி ரசீதக் குடுங்க'ன்னேன். குடுத்துச்சு. புகார் குடுத்தா நம்பர் போட்டு ரசீது தரணும், அது நம்ம உரிமை. பாதிப் பேருக்கு இதுவே தெரியாது.

அந்த ரசீது கைக்கு வந்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு பாரு. ரிடையர் ஆனதுக்கப்புறம் நம்பர் போட்ட காகிதம் ஒண்ணுகூட என் கைக்கு வரல. கரண்டு பில்லத் தவிர.

அப்புறம் விடுவேனா? நானே ஒரு படிவம் தயார் பண்ணி வீட்டுக்கு நாலுன்னு குடுத்தேன். எது காணாமப் போனாலும் எழுதி எங்கிட்டக் குடுக்கணும். கொடியில காஞ்ச வேட்டி. ரோஜாத் தொட்டி. வாசல் பல்பு. கேஸ் சிலிண்டர் வாய மூடற அந்த மூடி. பதினாலாம் நம்பர் வீட்டு முருங்கக்கா ஒம்போது. முருங்கக்காயப் பறிச்சது யாருன்னு தெருவுக்கே தெரியும், பதினஞ்சாம் நம்பர் வீட்டுலேருந்து சாம்பார் வாசன ஊரத் தூக்குச்சு. இருந்தாலும் எழுதினேன். திங்கக்கிழமைன்னா கட்டோட ஸ்டேஷன் போயிடுவேன். ஏட்டம்மா என்னையத் தூரத்துல பாத்ததுமே கார்பன் பேப்பர எடுத்து வெச்சுடும். எனக்குன்னு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியே போட்டுட்டாங்க. அதுல வேற ஆளு உக்காந்தா, 'எந்திரிங்க, அது செவ்வந்தி நகர் சார் சேரு'ம்பாங்க. இந்த மரியாதை கலெக்டர் ஆபீஸ்ல எனக்கு ஒருநாளும் கெடச்சதில்ல.

எங்க வீட்டுலயா? எங்க வீட்டுல ஒண்ணும் போகல. செயலாளர் வீடும்மா. ஆங், ஒரே ஒரு தடவ, அம்சா வெச்சிருந்த கறிவேப்பிலைச் செடிய எவனோ வேரோட புடுங்கிட்டுப் போயிட்டான். அவ அம்மா வீட்டுலேருந்து கொண்டாந்து மூணு வருஷம் வளத்தது. 'ஊரு முருங்கக்காய்க்கெல்லாம் எழுதறீங்க, இதையும் எழுதுங்க'ன்னு கேட்டா. செயலாளர் வீட்டுலயே திருட்டுன்னா எவன் மதிப்பான்? செடிதானே, வேற வெச்சுக்கலாம்னுட்டேன். அது ஒரு பேச்சே இல்ல. எதுக்குச் சொல்ல வந்தேன்?

கணக்கு. ஒரே வருஷத்துல நூத்தி நாப்பத்தி மூணு ரசீது. அந்த ஃபைல் அலமாரியில இருக்கு, தலகாணி கனம் இருக்கும்.

தையில ஒரு பேப்பர்காரன், மாவட்டத்துல எந்த ஸ்டேஷனுக்கு எத்தன திருட்டுப் புகார் வந்துச்சுன்னு கேட்டு வாங்கி, பட்டியல் போட்டுட்டான். நாங்க மொத எடம். 'திருடர்களின் சொர்க்கமா செவ்வந்தி நகர்?' கொட்டை எழுத்துல. ரெண்டாவது யாருன்னு பாத்தேன், பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷன். எங்கள்ல பாதிகூட வரல. பஸ் ஸ்டாண்டையே தோக்கடிச்சிருக்கோம்மா! வெட்டி, அட்டையில ஒட்டி, சங்கப் பலகையில நானே மாட்டினேன். சாயங்காலத்துக்குள்ள யாரோ கிழிச்சுட்டாங்க. அதுக்கும் ஒரு புகார் எழுதலாம்னு எந்திரிச்சா, அம்சா என் சட்டையெல்லாத்தையும் ஊற வெச்சுட்டா.

அப்புறம்தான் ஆரம்பிச்சுது. பார்சல் கொண்டாற பசங்க நகர் பேரு எழுதின வாசல் வளைவுக்கு வெளியவே நின்னுக்கிட்டு, 'வந்து வாங்கிக்கங்க சார்'னு போன் பண்றானுங்க. ஒரு வீட்டுல காதுகுத்து. சம்பந்தி வீட்டு ஆளுங்க அத்தன பேரும் பாசிமணி போட்டுட்டு வந்தாங்க. டவுன் பஸ் கண்டக்டர் இருக்கானே, அவன் பெரிய குசும்பன். 'அடுத்தது செவ்வந்தி நகர், நகை போட்டிருக்கவங்க முந்தானைய இழுத்து மூடிக்கங்க'ன்னு சத்தம் போடுவான். பஸ்ஸே சிரிக்கும். தெய்வசிகாமணி ஒரு மனை விக்க வெச்சிருந்தாரு. வாங்க வந்தவன் வளைவுகிட்டயே வண்டியத் திருப்பிட்டான். ரெண்டு குடும்பம் வீட்டக் காலி பண்ணிட்டு, பாதுகாப்பா இருக்கணும்னு வசந்தம் கார்டன்ஸ் போயிட்டாங்க.

வசந்தம் கார்டன்ஸ் தெரியும்ல? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். வேற ஸ்டேஷன். பட்டியல்ல கடைசி, வருஷத்துக்கே மூணு புகார். வளைவுல 'குற்றமில்லா வசந்தம்'னு எழுதி வெச்சிருக்கான். அங்க போன ஒரு மாசத்துக்குள்ள ஒருத்தருக்கு மோட்டார் சைக்கிள் போச்சு, இன்னொருத்தருக்குக் குத்துவெளக்கு ஜோடியாப் போச்சு. புகார் குடுத்தாங்களா? ம்ஹூம். மனை வித்தவன்தான் அங்க தலைவர், 'வெளிய சொல்லாதீங்க, எடத்துக்கு மதிப்புக் கொறஞ்சுடும்'னு வாய அடச்சுட்டான். அந்த வளைவு எழுத்துக்கு மேல ஒரு லைட்டு இருந்துச்சு, அதையே கழட்டிட்டுப் போயிட்டானுங்க. அதுக்கும் புகார் இல்ல. குற்றமில்லா வசந்தம்!

நம்ம சங்கத்துல அவசரக் கூட்டம் போட்டாங்க. எந்திரிச்சு விளக்கினேன். 'ஐயா, நாங்க கயிறு கட்டாத வயல்ல நெல்லே வெளையலன்னு அர்த்தமா? அளந்த எடத்துலதான் அளவு தெரியும். நம்மகிட்ட திருட்டு அதிகமில்ல, எழுத்து அதிகம். அந்தப் பக்கம் எழுத்தே இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்'னேன். எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கேன் பாரு. தெய்வசிகாமணி, 'கோவர்த்தனன், மொதல்ல உங்க கயித்த அவுத்துப் போடுங்க'ன்னாரு. ஒரே கைதட்டல். செயலாளர மாத்தணும்கறவங்க கை தூக்குங்கன்னாங்க. தூக்கினாங்கம்மா. முருங்கக்காய்க்கு நடையா நடந்தேனே, அந்தப் பதினாலாம் நம்பரே ரெண்டு கையையும் தூக்குறான்.

இதையும் புடுங்கிட்டா நான் யாரு? காலையில எந்திரிச்சு எங்க போவேன்? சட்டுனு சொல்லிட்டேன், 'ஒரு வருஷம் குடுங்க. டிசம்பர் முப்பத்தொண்ணுக்குக் கணக்கெடுத்தா செவ்வந்தி நகர்ல பூஜ்யம் இருக்கும். இல்லன்னா நானே எறங்கிடறேன்'னு. அம்சா பின்னாடி உக்காந்திருந்தா. தலையில கைய வெச்சுக்கிட்டா.

பூஜ்யம்னா சும்மா வருமா? எல்லாரு வீட்டுக்கும் விசில் குடுத்தேன். புது ஆளப் பாத்தா ஊதணும். மொத வாரம் தபால்காரர ஊதி ஊதியே ஓட விட்டுட்டாங்க, பாவம், அவரு பன்னெண்டு வருஷமா வர்றவரு. வீட்டுக்கு ஏழு பூட்டுன்னு தீர்மானம் போட்டேன். எவனும் கேக்கல, நான் மட்டும் போட்டேன். காலையில பால் வாங்கப் போறதுக்கு ஏழு பூட்டு, திரும்பி வந்து ஏழு பூட்டு. 'திருடன் வந்தாக்கூட அஞ்சு நிமிஷத்துல போயிடுவான், எனக்குத்தான் ஆயுள் தண்டன'ம்பா அம்சா. அவளுக்கு எதையும் கேலியாப் பேசணும்.

அப்புறம் போர்டு. மொத்தம் ஆறு எச்சரிக்கைப் போர்டு, வாசகமெல்லாம் என்னோடது. நாலாம் நம்பர் போர்டு வளைவுலயே இருக்கு, வர்றப்பப் பாத்திருப்ப. 'போலீஸ் என்று சொல்லி நகையைக் கழற்றச் சொன்னால் நம்பாதீர்கள். உண்மையான போலீஸ் ஒருபோதும் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். தொடர்புக்கு: கோவர்த்தனன், செயலாளர்.' கீழ போன் நம்பர், வீட்டு நம்பர், எல்லாம்.

காணாமப் போகறது நின்னுச்சான்னு கேக்குறியா? காணாமப் போறது வேற, திருட்டு வேறம்மா. யாராவது படிவத்தத் தூக்கிட்டு வந்தா, உக்கார வெச்சு மோர் குடுத்து, 'நல்லாத் தேடிப் பாருங்க, கெடைக்கும்'பேன். கெடைக்கலன்னா நானே வாங்கிக் குடுத்துட்டேன். செருப்பு அஞ்சு ஜோடி, வேட்டி ரெண்டு, ஒரு சைக்கிள் பம்பு. 'போன வருஷம் திருடன் எடுத்துட்டுப் போனான், இந்த வருஷம் நீங்க கொண்டுபோயிக் குடுக்கறீங்க'ன்னு அம்சா சிரிப்பா. ஏட்டம்மா ஒருநாள் சந்தையில பாத்துட்டு ஓடி வந்துச்சு. 'சார், ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எட்டு மாசமா சேரு சும்மா கெடக்கு.' எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா பூஜ்யம்னா பூஜ்யந்தானே.

சரி, அடுத்த கேள்வி? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது நடந்திருக்கா, அப்படியா?

தெரிஞ்சவங்க. ம்.

ஒரு ஆளு இருக்காரு. பேரு வேணாம். பக்கத்துத் தெருன்னு வெச்சுக்க. கார்த்திகை கடைசி முகூர்த்தம். அவரும் அவரு சம்சாரமும் கல்யாணத்துக்குப் போயிட்டு, காலையில பதினோரு மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வர்றாங்க. வளைவுகிட்ட பைக்ல ரெண்டு பேரு. ஒட்ட வெட்டின கிராப்பு, பிரவுன் ஷூ. ஒருத்தன் வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சான். 'வணக்கம் சார், செயலாளர் சார்தானே? ஸ்டேஷன்ல உங்களப் பத்திப் பேசாத நாளில்ல'ன்னான். ஆமா, அந்த ஆளும் செயலாளர்தான். வேற ஏதோ ஒரு சங்கத்துல. குறுக்க பேசாத.

'ரெண்டு தெரு தள்ளி இப்பத்தான் ஒரு அம்மா சங்கிலிய அறுத்துட்டு ஓடியிருக்கான் சார். மாவட்டத்துலயே மொத எடம் உங்க ஏரியா. அம்மாவ நகையக் கழட்டிப் பையில வெச்சுக்கச் சொல்லுங்க'ன்னான். இவருக்குச் சுருக்குனு கோவம் வந்துடுச்சு. 'அது பழைய கணக்கு. இந்த வருஷம் பூஜ்யம். முடிய இன்னும் பதினெட்டு நாளுதான் பாக்கி'ன்னாரு. அதுக்கு அவன் நெஞ்சுல கைய வெச்சு, 'அதுக்குத்தான் சார் எங்கள இங்க நிக்க வெச்சிருக்காங்க. அந்தப் பூஜ்யம் கெட்டுடக் கூடாது'ன்னான்.

பூஜ்யம் கெட்டுடக் கூடாதுன்னாம்மா! முப்பத்தொரு வருஷத்துல ஒரு மேலதிகாரி, ஒரே ஒரு மேலதிகாரி, ஒரு நம்பருக்காக அப்படிக் கவலப்பட்டு நான் பாத்ததில்ல.

அந்தம்மா மொழங்கையால இவர இடிச்சா. 'மேல பாருங்க'ன்னு முணுமுணுத்தா. மேல என்ன? நாலாம் நம்பர் போர்டு. அவன் தலைக்கு நேரா மேல. இவரு அதையும் பாத்துட்டு, அவனையும் பாத்துட்டு, சொன்னாரு: 'அது போலி போலீஸுக்கு எழுதினது. இவங்க அசல். பேசாமக் கழட்டு அம்சா.'

ஆமா. அம்சான்னுதான் சொன்னேன்.

பாக்காதம்மா அப்படி. அந்த டம்ளர இப்படிக் குடு, நானும் கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

இருபத்தொம்போது வருஷமா அவ கழுத்த விட்டு எறங்காத தாலிச் சங்கிலி. பிரசவத்தப்பகூட நர்சுகிட்ட சண்ட போட்டுக் கழட்டாம இருந்தவ. என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தா. கழட்டினா. அவ அம்மா போட்ட வளையல் ரெண்டு, அதையும் கழட்டினா. அவனே காகிதத்துல மடிச்சு, அவ பைக்குள்ள வெச்சு, ஜிப்ப இழுத்து விட்டான். 'வீட்டுக்குப் போயி நிதானமா எடுத்துப் போட்டுக்கங்கம்மா'ன்னான். நான் அவனுக்குக் கை குடுத்தேன். உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நாடு உருப்படுதுன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து, ஏழு பூட்டையும் தொறந்து, உள்ள நொழஞ்சு ஏழையும் திருப்பிப் பூட்டிட்டு, பொட்டலத்தப் பிரிச்சா ஜல்லிக்கல்லு.

அம்சா அழல. அழுதிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கொடைய எடுத்துட்டு வந்து நின்னா. 'வாங்க ஸ்டேஷனுக்கு'ன்னா. நான் காலண்டரப் பாத்தேன். 'பதினெட்டு நாளு பொறுத்துக்க அம்சா. வருஷம் முடியட்டும்'னேன். என் வாயாலதாம்மா சொன்னேன். போர்டு எழுதினவனே போர்டுக்கு அடியில ஏமாந்தான்னா ஊரு சிரிக்காதா? அந்த பஸ் கண்டக்டர் ஒருத்தன் போதாதா?

அவ கொடைய இருந்த எடத்துல மாட்டினா. 'எழுதலன்னா நடக்கலம்பீங்க. அப்ப எனக்கு நடந்தது நடக்கவே இல்ல, அப்படித்தானே?'ன்னா. மறுநாள் காலையில மஞ்சக் கயித்தக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டா. ஏறும்போது, 'எம் பேருல ரசீது வந்த அன்னைக்குப் போன் பண்ணுங்க, வர்றேன்'னா. முட்டி வலியெல்லாம் இல்ல. அவ தங்கச்சி மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறுவா. மக கேட்டப்பயும் முட்டி வலின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்.

பொங்கலுக்குச் சங்கத்துல விழா எடுத்து அந்தச் சால்வையப் போட்டாங்க. தெய்வசிகாமணி மைக்கப் புடிச்சு, 'பூஜ்யத்தைக் கண்டவர்'னாரு. அவரு மனை வித்துப் போச்சு. எல்லாரும் கை தட்டறாங்க. நான் பெண்கள் பக்கம் பாக்கறேன், மொத வரிசையில ஒரு நாற்காலி காலி. கொட்டாவி விடறதுக்காவது அவ இருந்திருக்கலாம்னு தோணுச்சு. வீட்டுக்கு வந்து சால்வைய அந்த நாற்காலியில போட்டவன்தான், இன்னும் எடுக்கல. அது அம்சா உக்கார்ற நாற்காலி.

அந்த மிஷின்ல மொத கேள்விக்குத் திரும்பிப் போக முடியுமா? முடியும்னா போம்மா. இல்லைன்னு போட்டத அழி. ஆமான்னு போடு. பேரு வராதுல்ல? போட்டுட்டியா? இதுக்கு ரசீது ஏதும் உண்டா? கெடையாதா. பரவால்ல, சும்மா கேட்டேன்.

அடுத்தது என்ன? காவல் நிலையத்துல புகார் குடுத்தீங்களா. இல்ல. ஏன் குடுக்கல, காரணம். என்னென்ன கட்டம் இருக்கு, படி பாப்போம். சின்ன விஷயம். இல்ல. போலீஸ் மேல நம்பிக்கை இல்ல. சேச்சே, ஏட்டம்மா தங்கமான பொம்பள. மிரட்டல். அதுவும் இல்ல. நேரமில்ல. ரிடையர் ஆனவனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அவ்வளவுதானா? கடைசியில மற்றவையா?

வெக்கம்னு ஒரு கட்டம் இல்லியாம்மா?

இல்லியா! யாரு தயார் பண்ணினது இந்தப் படிவத்த? வயல்ல கால் வெக்காதவன் எவனோ ஏசி ரூம்ல உக்காந்து பண்ணியிருக்கான். எத்தன வீட்டுல பொண்ணுங்க கழுத்தத் தடவிப் பாத்துட்டுப் பேசாம இருக்காங்களோ. மோட்டார் சைக்கிளப் பறிகுடுத்தவன், குத்துவெளக்கப் பறிகுடுத்தவன், நானு, எல்லாரும் மற்றவைக்குள்ள போயிக் கெடக்கோம். வெக்கத்துக்கு ஒரு கட்டம் போட்டுப் பாக்கச் சொல்லு உங்க மேலதிகாரிய. மாவட்டத்துலயே மொத எடம் அதுக்குத்தான் வரும். நான் எழுதிக் குடுத்தேன்னே சொல்லு.

நீ அடுத்து எங்க போகணும்? வசந்தம் கார்டன்ஸா? வாய்க்கால் பாலத்துக்கு மேலக்குளம் ஸ்டேஷனத் தாண்டித்தான் போகணும். இரு, சட்டையப் போட்டுக்கறேன். நானும் வர்றேன். தெய்வசிகாமணிக்குத் தெரிஞ்சா தெரியட்டும். செயலாளர் பதவியையும் எடுத்துக்கட்டும், சால்வையையும் எடுத்துக்கட்டும், போட்டப்பவே கழுத்து அரிச்சுது. கண்டக்டர் சிரிப்பான். சிரிக்கட்டும், நான் நடந்தே போயிக்கறேன்.

இந்தா, சாவிக்கொத்தக் கொஞ்சம் புடி, நான் தாப்பாளப் போடறேன். நீளச் சாவி எதுக்குன்னு சொன்னேன்? ம், சரியா ஞாபகம் வெச்சிருக்கியே. அட, ஆமா! உன் அட்டைய நான் பாக்கவே இல்லியேம்மா! ஏழு பூட்டையும் தொறந்து உள்ள விட்டு, பெயிண்ட் டப்பா வரைக்கும் சொல்லிட்டேனே! காட்டு, காட்டு, இப்பக் கண்ணாடி போட்டிருக்கேன். ம். போட்டோவுல முடி நீளமா இருக்கு. சரி, நீதான். அந்தக் கொடைய எடு. அம்சா கொட, வெயிலுக்கு நல்லா இருக்கும், நீ புடிச்சுக்க.

ஃபைல் எடுத்துக்கிட்டேன், பாத்தியா. நூத்தி நாப்பத்தி மூணு ரசீது. நேத்து உக்காந்து ஒவ்வொண்ணாப் பெரட்டிப் பாத்தேன். ஊருல இருக்கவன் பேரெல்லாம் இருக்கு, நாய்கூட இருக்கு. அம்சவேணிங்கற பேரு ஒண்ணுலகூட இல்லம்மா.

சங்கிலிய எழுதத்தான் போறேன். ஏட்டம்மாகிட்ட ரெண்டு ரசீதாக் கேக்கணும். ஆனா எடுத்ததும் சங்கிலி இல்ல. தேதி வரிசைப்படி எழுதினா கறிவேப்பிலைச் செடிதான் மொதல்ல வரும்.